டேட்டாபேஸை எந்த ஊர்ல வைக்கிறது? வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல கிளவுட் டேட்டாபேஸ் பத்தி ரெண்டு வரி எழுதினேன். அதுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே இடத்துல வந்து நிக்குது: ரீஜன், அதாவது கிளவுட் கம்பெனியோட டேட்டா சென்டர் இருக்கற பகுதி, எது போடறது. நியாயமான கேள்விதான், ஏன்னா புது டேட்டாபேஸ் கிரியேட் பண்ணும்போது மெஷின் சைஸ், டிஸ்க், பாஸ்வேர்ட் எல்லாத்தையும் பின்னாடி மாத்திக்கலாம், ரீஜன் மட்டும் பல இடத்துல ஒரு வாட்டி போட்டா போட்டதுதான். அதனால இந்த வாட்டி பக்கம் முழுக்க இது ஒண்ணுதான்.

கேள்வி: அக்கா, நான் தனியா ஒரு வெப் ஆப் பண்றேன். டேட்டாபேஸ் ஓப்பன் பண்ணப் போனா முதல் ஸ்கிரீன்லயே ரீஜன் செலக்ட் பண்ணச் சொல்லி நீளமா ஒரு லிஸ்ட் வருது. யூசருக்குப் பக்கத்துல வைன்னு எல்லாரும் சொல்றாங்க. என் யூசர்ஸ் நாலு நாட்டுல இருக்காங்க, நான் யாருக்குப் பக்கத்துல வைக்கிறது?

பதில்: தம்பி, "யூசருக்குப் பக்கத்துல" அப்படிங்கறது பாதி உண்மைதான். அந்தப் பாதியை நம்பித்தான் நிறையப் பேர் மாட்டிக்கிறாங்க. உங்க யூசர் டேட்டாபேஸ் கூட பேசறதே இல்லையே. அவர் பேசறது உங்க ஆப் சர்வர் கூட, டேட்டாபேஸ் கூட பேசறது ஆப் சர்வர். அப்போ முதல்ல பக்கத்துல பக்கத்துல இருக்க வேண்டியது இந்த ரெண்டும்தான். யூசர் அப்புறம்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பக்கம் ஓப்பன் ஆகணும்னா யூசர் பிரவுசர்லேர்ந்து உங்க சர்வருக்கு ஒரு ரிக்வெஸ்ட் போகும், ஒரு பதில் வரும். ஆனா அந்த ஒரு ரிக்வெஸ்டுக்குள்ள உங்க கோட் என்ன பண்ணுது? லாகின் ஆயிருக்காரான்னு ஒரு குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி), அவரோட பர்மிஷன் என்னன்னு ஒண்ணு, ஆர்டர் லிஸ்ட் ஒண்ணு, அப்புறம் லூப்ல ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியா ஒண்ணு, இப்படி 30 குவெரி சர்வசாதாரணமா ஆயிடும், அதுவும் ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது. சர்வரும் டேட்டாபேஸும் ஒரே ரீஜன்ல இருந்தா ஒரு தடவை போயிட்டு வர்றதுக்கு 1 மில்லி செகண்ட் கிட்டத்தான் ஆகும், 30 குவெரிக்கு 30 மில்லி செகண்ட். அதே டேட்டாபேஸ் கண்டம் தாண்டி 200 மில்லி செகண்ட் தூரத்துல இருந்தா 30 குவெரிக்கு 6 செகண்ட். கோட் அதேதான், ஒரு எழுத்து கூட மாறலை.

இப்ப திருப்பிப் போட்டுப் பாருங்க. சர்வரும் டேட்டாபேஸும் ஒண்ணா இருக்கு, யூசர்தான் 200 மில்லி செகண்ட் தூரத்துல இருக்கார். அவருக்கு ஆகறது 200 கூட 30, கால் செகண்டுக்குள்ள முடிஞ்சிடும். தூரத்தை நீங்க ஒழிக்க முடியாது, ஆனா அந்தத் தூரத்தை ஒரு வாட்டி கடக்கறதா முப்பது வாட்டி கடக்கறதான்னு முடிவு பண்றது நீங்கதான்.

தூரத்தை ஏன் ஒழிக்க முடியாதுன்னா அது வெளிச்சத்தோட வேகம். வெற்றிடத்துல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆப்டிக்கல் ஃபைபர் கண்ணாடிக்குள்ள அதுல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 2 லட்சம். அப்போ 1000 கிலோமீட்டருக்கு ஒரு வழி 5 மில்லி செகண்ட், போயிட்டு வர 10. மும்பை ரீஜன்லேர்ந்து வடக்கு வர்ஜீனியா ரீஜனுக்கு நேர்கோடு போட்டா சுமார் 13,000 கிலோமீட்டர், போயிட்டு வர குறைஞ்சது 130 மில்லி செகண்ட் ஆயே தீரும். கேபிள் நேர்கோட்டுல போறதில்ல, நடுவுல ரவுட்டர் வேற இருக்கு, அதனால நிஜத்துல 190, 200ஐ ஒட்டித்தான் வரும். எவ்வளவு பெரிய மெஷின் வாங்கிப் போட்டாலும் இது குறையாது.

புது கனெக்ஷன் போடறது இன்னும் மோசம். போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸையே எடுத்துக்கோங்க: டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு டிரிப் (ஒரு தடவை போயிட்டு வர்றது), எஸ்எஸ்எல் பூட்டு வேணுமான்னு கேட்க ஒண்ணு, அந்தப் பூட்டைப் போட (டிஎல்எஸ் 1.3) ஒண்ணு, அப்புறம் பாஸ்வேர்ட் சரிபார்க்க மூணு, கடைசியா உங்க குவெரிக்கு ஒண்ணு. முதல் பதில் கையில வர்றதுக்குள்ள ஏழு டிரிப் போயிடுது. 200 மில்லி செகண்ட் தூரத்துல இது 1.4 செகண்ட், இன்னும் ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியலை. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதுசா கனெக்ஷன் திறந்து மூடற கோடா இருந்தா இந்த 1.4 செகண்டை ஒவ்வொரு தடவையும் கட்டறீங்க. பிஜிபவுன்சர் மாதிரி ஒரு பூலர் (திறந்த கனெக்ஷன்களை வச்சிருந்து பகிர்ந்து கொடுக்கற டூல்) போடுங்க, அதையும் டேட்டாபேஸ் இருக்கற ரீஜன்லயே போடுங்க. சர்வர் தூரத்துல இருந்தா பூலர் வெறும் ஒட்டுதான், அது குவெரியோட தூரத்தைக் குறைக்காது.

இதுல நிறையப் பேர் அறியாமலே விழற இடம் ஒண்ணு இருக்கு. டேட்டாபேஸ் ரீஜனை யோசிச்சு யோசிச்சு செலக்ட் பண்ணுவாங்க, ஆப் சர்வர் எங்க ஓடுதுன்னு பார்க்கவே மாட்டாங்க. உதாரணத்துக்கு, ஆப்பை ஏத்தி ஓட்டற வெர்செல் சர்வீஸ்ல நீங்க எதையும் மாத்தலைன்னா ஃபங்ஷன் (உங்க சர்வர் கோட்) வாஷிங்டன் ரீஜன்ல ஓடும், அதான் டிஃபால்ட். டேட்டாபேஸை மும்பைலயோ சிங்கப்பூர்லயோ வச்சிருப்பாங்க, ஃபங்ஷன் வாஷிங்டன்ல ஓடும், அப்போ யூசர் கிளிக் பண்ணது பூமியைப் பாதி சுத்திப் போய், அங்கேர்ந்து ஒவ்வொரு குவெரியும் மறுபடி பாதி சுத்தித் திரும்பி வரும். செட்டிங்ஸ்ல ஃபங்ஷன் ரீஜனை ஒரே ஒரு வாட்டி மாத்தினா சரியாயிடும். எட்ஜ்ல ஓடற கோடும் இதே கதைதான், யூசர் பக்கத்துல கோட் ஓடி என்ன பிரயோஜனம், டேட்டா தூரத்துல இருந்தா ஒவ்வொரு குவெரியும் அந்தத் தூரத்தை நடந்துதான் ஆகணும்.

சரி, ரெண்டையும் ஒண்ணா வைக்கிறதுன்னு முடிவாச்சு, எங்க? உங்க லாக்ல பாருங்க, யூசர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க, யார் அடிக்கடி எழுதறாங்கன்னு பாருங்க. படிக்கறதுக்கு கேஷ், சிடிஎன் மாதிரி பக்கத்துல ஒரு காப்பி வச்சுச் சமாளிக்கலாம், எழுதறது கண்டிப்பா மெயின் டேட்டாபேஸுக்குத்தான் வரணும். நாலு நாட்டுல ஒரு நாட்டுலேர்ந்து பாதிக்கு மேல எழுத்து வருதுன்னா அங்கதான். எல்லாம் சமமா இருந்தா நடுவுல ஒண்ணு பாருங்க, ஆனா மேப்பை வச்சு நடுவைக் கண்டுபிடிக்காதீங்க. கேபிள் எந்தப் பக்கம் போகுதோ அதுதான் நிஜ மேப். அங்கோலாவும் பிரேசிலும் அட்லாண்டிக்குக்கு எதிரெதிர் கரைல இருக்கு, ஆனா 2018ல ரெண்டுக்கும் நடுவுல நேர் கேபிள் வர்றவரைக்கும் டிராஃபிக் ஐரோப்பாவோ அமெரிக்காவோ சுத்தித்தான் போச்சு. அந்த ஒரு கேபிள் வந்ததும் 350 மில்லி செகண்ட் கிட்ட இருந்தது 63 கிட்ட வந்துச்சு. ஊர் இடம் மாறலை, வழிதான் மாறுச்சு.

கேள்வி: மேடம், என் லேப்டாப்லேர்ந்து எல்லா ரீஜனுக்கும் பிங் போட்டு குறைஞ்ச நம்பர் வந்ததை எடுத்துட்டேன். போதுமா?

பதில்: போதாதுங்க. நீங்க அளந்தது உங்க வீட்டு வைஃபைக்கு எது பக்கம்னு. யூசருக்கு எது பக்கம், சர்வருக்கு எது பக்கம், இது ரெண்டும் உங்களுக்கு இன்னும் தெரியாது. உங்க ஆப் சர்வர் நிஜமா ஓடப்போற இடத்துலேர்ந்து டேட்டாபேஸுக்கு ஒரு சும்மா குவெரி, செலக்ட் 1 போதும், நூறு வாட்டி அனுப்பிப் பாருங்க. சராசரியைப் பார்க்காம நூறுல மோசமான அஞ்சு எவ்வளவு வந்ததுன்னு பாருங்க, யூசர் கோவப்படறது அந்த அஞ்சுலதான். காலைல ஒரு வாட்டி, டிராஃபிக் அதிகமா இருக்கற நேரத்துல ஒரு வாட்டி எடுங்க. யூசர் பக்கத்தை அளக்க பிரவுசர்லேர்ந்தே டைமிங் எடுத்து நாடு வாரியா பிரிச்சுப் பாருங்க, ஒரு வாரம் ஓடினாலே தெளிவா தெரிஞ்சிடும்.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க மருத்துவ சம்பந்தமான ஒரு ஆப் பண்றோம். யூசர் டேட்டா அந்தந்த நாட்டை விட்டு வெளியே போகவே கூடாதுன்னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்கறார். யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேரும் பாதி பாதி சரி, அதனாலதான் இவ்வளவு குழப்பம். நாட்டுக்கு நாடு சட்டம் வேற, ஒரே நாட்டுக்குள்ள டேட்டா வகைக்கு வகை வேற. ஐரோப்பாவோட தனிநபர் டேட்டா சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25லேர்ந்து நடைமுறைல இருக்கு. அது டேட்டா ஐரோப்பாவுக்குள்ளேயே இருக்கணும்னு சொல்லலை, வெளியே அனுப்பினா அங்கேயும் அதே அளவு பாதுகாப்பு இருக்கணும்னு சொல்லுது, அதுக்கு என்னென்ன வழின்னும் சொல்லுது. அந்த வழி கூட நிலையில்ல. அமெரிக்காவுக்கு அனுப்ப இருந்த பிரைவசி ஷீல்டு ஏற்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜூலைல செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அதை நம்பி இருந்தவங்க ராத்திரியோட ராத்திரியா வேற ஏற்பாடு தேட வேண்டியதாச்சு, அதுக்குப் பதிலா புது ஏற்பாடு 2023லதான் வந்துச்சு. ரஷ்யா 2015லேர்ந்தே தன் குடிமக்களோட டேட்டாவை உள்நாட்டு சர்வர்ல வைக்கச் சொல்லுது. இந்தியாவுல பணப் பரிவர்த்தனை டேட்டாவை உள்நாட்டுலதான் சேமிக்கணும்னு ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல்ல சொல்லிடுச்சு, ஆனா அதே இந்தியாவோட 2023 தனிநபர் டேட்டா சட்டம் பொதுவா வெளியே அனுப்ப விடுது, அரசாங்கம் தடை போடற நாடுகளைத் தவிர. ஒரே நாடு, ரெண்டு வகை டேட்டா, ரெண்டு பதில், பாத்தீங்களா.

உங்களுது உடல்நலம் சம்பந்தப்பட்ட டேட்டா, அதனால முதல் வேலையா யூசர் இருக்கற நாட்டுச் சட்டம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசுங்க, ரீஜன் லிஸ்ட்டை அதுக்கப்புறம் தொறங்க. ஏன்னா சட்டம் வேணாம்னு சொன்ன ரீஜன் எவ்வளவு வேகமா இருந்தாலும் உங்களுக்கு இல்லை, லிஸ்ட் அங்கேயே பாதியாயிடும்.

இன்னொண்ணு, இதை யாரும் கவனிக்கறதில்ல, எனக்கு நிஜமாவே கவலை தர்ற விஷயம். டேட்டாபேஸை சரியான நாட்டுல வச்சிட்டோம்னு நிம்மதியா இருப்பாங்க. பேக்கப் எந்த ரீஜனுக்குப் போகுது? எரர் வந்தா அதைப் பிடிச்சு அனுப்பற டூல் இருக்கே, அது எரர் கூடவே நோயாளியோட பேரையும் போன் நம்பரையும் தூக்கிட்டு எந்த நாட்டு சர்வருக்குப் போகுது? லாக் எங்க சேருது? டேட்டா டீம் ரிப்போர்ட் போட ஒரு காப்பி எடுத்து வச்சிருக்காங்களே, அது எங்க? டேட்டாபேஸ் ஒரு இடத்துல இருக்கும், அதுலேர்ந்து கசிஞ்சது அஞ்சு இடத்துல இருக்கும். ஒரு பேப்பர் எடுத்து டேட்டா போற எல்லா வழியையும் வரைஞ்சு பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நாட்டுப் பேரை எழுதுங்க. கூடவே கிளவுட் கம்பெனி எந்த நாட்டுக் கம்பெனிங்கறதையும் எழுதுங்க. 2018ல வந்த அமெரிக்க கிளவுட் சட்டப்படி, அங்கத்திய கம்பெனிகிட்ட டேட்டா வெளிநாட்டு ரீஜன்ல இருந்தாலும் அமெரிக்க அதிகாரிங்க உரிய உத்தரவோட கேட்க முடியும். உங்க வக்கீலுக்கு அந்தப் பேப்பர்தான் வேணும்.

கேள்வி: அண்ணி ஒருத்தங்க சொல்லி இந்தப் பக்கத்தைப் படிக்க ஆரம்பிச்சேன். எங்க கம்பெனி டேட்டாபேஸ் வர்ஜீனியா ரீஜன்ல இருக்கு. அது அடிக்கடி விழுதுன்னு பேசிக்கறாங்க. ரெண்டு மூணு ரீஜன்ல ஒரே நேரத்துல ஓட்டினா பயமில்லாம தூங்கலாம்தானே?

பதில்: உங்க அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லுங்க. வர்ஜீனியா பத்தின பேச்சுல உண்மை இருக்கு. 2017 பிப்ரவரி 28 அன்னிக்கு அமேசானோட கிளவுடான ஏடபிள்யூஎஸ்ல, ஃபைல் சேமிக்கற எஸ்3 சர்வீஸ்ல சில சர்வர்களை மட்டும் எடுக்கப் போட்ட கமாண்ட்ல ஒரு தப்பு, நினைச்சதைவிட நிறைய சர்வர் போயிடுச்சு, சில மணி நேரம் இணையத்துல பாதி தள்ளாடுச்சு. 2021 டிசம்பர் 7 உள் நெட்வொர்க் நெரிசல். 2025 அக்டோபர் 20 டைனமோடிபிங்கற டேட்டாபேஸ் சர்வீஸோட டிஎன்எஸ் பதிவு (பேரை வச்சு சர்வர் முகவரியைக் காட்டறது) ரெண்டு ஆட்டோமேஷன் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டதுல காலியாகி, அதை நம்பி இருந்த மத்த சர்வீஸ் எல்லாம் சரிஞ்சு, நாள் முழுக்க இழுத்துச்சு. ஏடபிள்யூஎஸ்ஸோட ரொம்பப் பழைய ரீஜன் அது, ரொம்பப் பெருசு, சில உலகளாவிய சர்வீஸோட கன்ட்ரோல் பகுதியே அங்கதான் இருக்கு, அதனால அங்க ஏதாவது ஆனா மத்த ரீஜன்ல இருக்கறவங்களுக்கும் கொஞ்சம் சூடு படும். வேற ரீஜன் உங்களுக்குச் சரியா வரும்னா, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் வர்ஜீனியாவைச் சொல்றதில்ல. டிஃபால்ட்டா வந்து நின்னதுங்கறது ஒரு காரணமே இல்லை.

ஆனா உங்க கேள்வி அதுக்கு மேல. முதல்ல ரீஜன், ஜோன் வித்தியாசத்தைப் பிடிச்சுக்கோங்க. ஒரு ரீஜன்ங்கறது ஒரு கட்டடம் இல்லை, ஏடபிள்யூஎஸ்ல ஒரு ரீஜனுக்குள்ள குறைஞ்சது மூணு ஜோன், அதாவது தனித்தனி டேட்டா சென்டர் தொகுதி, இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனி கரண்ட், தனி கூலிங், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு 100 கிலோமீட்டருக்குள்ள. அந்தத் தூரத்துல ஒரு ரைட்டை (டேட்டாபேஸ்ல எழுதறதை) ரெண்டு ஜோன்லயும் எழுதி முடிச்சிட்டுத்தான் சரின்னு சொல்றது கட்டுப்படியாகும், ஓரிரு மில்லி செகண்ட்தான் கூடும். ஒரு கட்டடம் எரிஞ்சாலும் டேட்டா போகாது. இது எல்லாருக்கும் வேணும், மல்டி ஜோன் ஆப்ஷனை ஆன் பண்ணாம ப்ரொடக்ஷன் ஓட்டாதீங்க.

எரியறதுன்னு சும்மா சொல்லலை. 2021 மார்ச் 10 அன்னிக்கு ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஹெச் கம்பெனியோட ஒரு டேட்டா சென்டர் முழுசா எரிஞ்சு போச்சு. அங்க சில வாடிக்கையாளர்களோட பேக்கப்பும் அதே வளாகத்துல இருந்ததால ரெண்டுமே ஒண்ணா போச்சு. அதைப் படிச்ச அன்னிக்கு நான் பண்ண முதல் வேலை என் பேக்கப் எங்க இருக்குன்னு போய்ப் பார்த்தது. ஜோன் தனித்தனின்னு பேப்பர்ல இருக்கறதும் எப்பவும் அப்படியே நடக்காது, 2023 ஏப்ரல்ல பாரிஸ்ல கூகுள் கிளவுடோட ஒரு டேட்டா சென்டர்ல தண்ணி கசிஞ்சு தீ வந்தப்போ ஒரு ஜோன் நாள் கணக்குல போச்சு, கொஞ்ச நேரம் ரீஜனே பாதிச்சுது.

இப்ப ரெண்டு ரீஜனுக்கு வருவோம். ரெண்டு வழிதான். ஒண்ணு, ரெண்டு ரீஜன்லயும் எழுதி முடிச்சாதான் சரின்னு சொல்றது. ஃபிராங்க்ஃபர்ட்டும் வர்ஜீனியாவும்னா ஒவ்வொரு கமிட்டுக்கும் (எழுத்தை முடிச்சு உறுதி பண்றதுக்கு) 90 மில்லி செகண்ட் கிட்ட கூடும், நல்ல நாள்லயும் கூடும், கெட்ட நாள்லயும் கூடும். இன்னொண்ணு, இங்க எழுதிட்டு சரின்னு சொல்லிடறது, அங்க பின்னாடி போய்ச் சேரும். வேகம் போகாது, ஆனா இந்தப் பக்கம் திடீர்னு விழுந்தா கடைசி சில செகண்ட் எழுத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்காது. யாரோ பணம் கட்டின எழுத்தா கூட அது இருக்கலாம். டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர் டேனியல் அபாதி 2012ல எழுதின கட்டுரைல இதைத்தான் அழுத்திச் சொன்னார்: நெட்வொர்க் உடையற அன்னிக்கு மட்டும் இல்லை, எல்லாம் நல்லா இருக்கற நாள்லயும் லேட்டன்சியா (காத்திருக்கற நேரம்) கன்சிஸ்டென்சியா (எல்லா காப்பியும் ஒத்துப்போறது) அப்படின்னு ஒண்ணை விட்டுக்கொடுத்துட்டே இருக்கீங்க. கூகுள் 2012ல தன்னோட ஸ்பேனர் டேட்டாபேஸ் பத்தி வெளியிட்ட பேப்பரைப் பாருங்க, கண்டம் தாண்டி டேட்டாவை ஒத்துப்போக வைக்க டேட்டா சென்டர்ல ஜிபிஎஸ் ரிசீவரும் அணு கடிகாரமும் வச்சாங்க, அப்படி வச்சும் ஒவ்வொரு ரைட்டும் கொஞ்சம் காத்திருக்கணும்.

ரெண்டு பக்கமும் எழுத விடறதுன்னா இன்னும் பெரிய தலைவலி. கடைசியா மிச்சம் இருக்கற ஒரே ஒரு டிக்கெட்டை அங்க ஒருத்தர் வாங்கறார், அதே நொடில இங்க ஒருத்தர் வாங்கறார், ரெண்டு டேட்டாபேஸும் ஆச்சுன்னு சொல்லிடுது. யாருக்குக் கொடுப்பீங்க? இதுக்குப் பதில் டேட்டாபேஸ்கிட்ட இல்லை, உங்க பிசினஸ்கிட்டதான் இருக்கு, அந்தப் பதில் கோட்ல இல்லாம மல்டி ரீஜன் ரைட் ஆன் பண்றது ஆபத்து.

அதனால நான் சொல்றது, ஒரு ரீஜன்ல மல்டி ஜோனோட ஓட்டுங்க. தினப்படி பேக்கப்பும் டிரான்சாக்ஷன் லாகும் வேற ரீஜனுக்குப் போகட்டும், முடிஞ்சா வேற அக்கவுண்டுக்கே போகட்டும், யாராவது தப்பா டெலீட் பண்ணாலும், அக்கவுண்ட் யார் கையிலயாவது மாட்டினாலும் அது தப்பிக்கும். மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி அந்தப் பேக்கப்பை அந்த வேற ரீஜன்லயே எடுத்து நிமிர்த்தி, ஆப் அதுல ஓடுதான்னு பாருங்க, கையில வாட்ச் வச்சுட்டுப் பாருங்க. நாலு மணி நேரம் ஆச்சுன்னா உங்க நிஜமான மீட்பு நேரம் நாலு மணி நேரம். முதலாளிகிட்ட அந்த நம்பரைச் சொல்லுங்க. இது போதாது, அஞ்சு நிமிஷத்துல எழும்பணும்னு அவங்க சொன்னா அப்புறம் ரெண்டாவது ரீஜன்ல டேட்டாபேஸோட ஒரு காப்பியை, அதாவது ரெப்ளிகாவை, எப்பவும் ஓட விடறது, அதோட செலவு, அதைப் பழகறதுக்கு ஆள், எல்லாம் பேசலாம்.

கேள்வி: அக்கா, தூரத்து யூசர்ஸுக்காக அவங்க ரீஜன்ல ஒரு ரீட் ரெப்ளிகா போட்டேன். படிக்கறது நல்ல வேகம். ஆனா ப்ரொஃபைல்ல பேரை மாத்தி சேவ் பண்ணா பழைய பேரே காட்டுதுன்னு கம்ப்ளெயிண்ட் வருது. பக் எங்க இருக்கு?

பதில்: பக் இல்லை தம்பி, ரெப்ளிகாவோட குணமே அதுதான். எழுத்து மெயினுக்குப் போச்சு, அடுத்த பக்கம் ரெப்ளிகாலேர்ந்து படிச்சுது, அந்த எழுத்து ரெப்ளிகாவுக்கு வந்து சேர இன்னும் நேரம் ஆகும். பொதுவா ஒரு செகண்டுக்குள்ள வந்துடும், லோட் ஏறினா பல செகண்ட் ஆகலாம். சேவ் பட்டனை அமுக்கின யூசர் அரை செகண்ட்ல அடுத்த பக்கத்துல இருப்பார்.

எளிய வழி, ஒருத்தர் எதையாவது எழுதினா அடுத்த பத்து செகண்டுக்கு அவரோட படிப்பை மட்டும் மெயினுக்கு அனுப்புங்க, செஷன்ல ஒரு டைம்ஸ்டாம்ப் வச்சா போதும். கொஞ்சம் நுணுக்கமா வேணும்னா போஸ்ட்கிரெஸ்ல எழுதினதோட லாக் இடத்தைக் குறிச்சு வச்சுட்டு ரெப்ளிகா அது வரைக்கும் வந்தாச்சான்னு பார்த்து அனுப்பலாம். மத்தவங்களுக்கு பழைய பேர் ரெண்டு செகண்ட் தெரிஞ்சா யாருக்கும் நஷ்டம் இல்லை, எழுதினவருக்குத் தெரிஞ்சாதான் அவர் உங்க ஆப்பை நம்பமாட்டார். பணம், பர்மிஷன், ஸ்டாக் எண்ணிக்கை, இது மூணையும் ரெப்ளிகாலேர்ந்து படிச்சு முடிவு எடுக்காதீங்க.

கேள்வி: எந்த ரீஜன் சீப்பு? அதையே எடுத்துடலாம்னு பார்க்கறேன்.

பதில்: ஒரே மெஷினுக்கு ரீஜனுக்கு ரீஜன் வாடகை வேறதான், சாவோ பாலோல வர்ஜீனியாவை விட நல்லாவே அதிகம். ஆனா மெஷின் வாடகையை மட்டும் பார்த்து டேட்டாபேஸை ஒரு ரீஜன்லயும் சர்வரை இன்னொரு ரீஜன்லயும் வச்சா நடுவுல போற ஒவ்வொரு ஜிபிக்கும் தனியா பில் வரும், மிச்சம் பிடிச்சது அங்க போயிடும். அப்புறம், எல்லா ரீஜன்லயும் எல்லாம் கிடைக்காது. உங்களுக்கு வேணும்ங்கற வெர்ஷன், மெஷின் வகை, எக்ஸ்டென்ஷன் அங்க இருக்கான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஏடபிள்யூஎஸ்ல 2019 மார்ச் 20க்கு அப்புறம் வந்த ரீஜன்லாம் அக்கவுண்ட்ல நீங்களா எனேபிள் பண்ணாதான் வரும், லிஸ்ட்ல காணோம்னு நினைச்சு தூரத்து ரீஜன்ல போட்டவங்களைப் பார்த்திருக்கேன்.

கேள்வி: அக்கா, இதையெல்லாம் முன்னாடியே கேட்டிருக்கணும். ஒரு வருஷம் முன்னாடி டிஃபால்ட்ல என்ன இருந்துச்சோ அதையே அமுக்கிட்டேன், இப்ப யூசர்ஸ் எல்லாம் உலகத்தோட மறுபக்கத்துல. மாத்த முடியுமா, இல்ல இப்படியே ஓட்டணுமா?

பதில்: மாத்தலாம்மா, பயப்படாதீங்க, ஆனா அவசரப்படாதீங்க. முதல்ல குவெரி எண்ணிக்கையைக் குறைங்க. சர்வர் டேட்டாபேஸ் பக்கத்துல இல்லைன்னா சர்வரை அங்க நகர்த்துங்க, அது ஒரு மணி நேர வேலை. பாதிப் பேருக்கு இதுலயே பிரச்சினை தீர்ந்துடுது, டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம்.

அதுக்கப்புறமும் நகர்த்தணும்னா, கூகுளோட ஃபயர்ஸ்டோர்ல டேட்டாபேஸோட இடத்தை பின்னாடி மாத்தவே முடியாது, புதுசா ஒண்ணு திறந்து எக்ஸ்போர்ட் இம்போர்ட்தான். போஸ்ட்கிரெஸை சர்வீஸா தர்ற சூப்பாபேஸ்லயும் புது ப்ராஜெக்ட் போட்டுத்தான் நகரணும். சின்ன டேட்டாபேஸ், ராத்திரி ரெண்டு மணி நேரம் மூடி வைக்கலாம்னா டம்ப் (முழு காப்பி) எடுத்து அங்க ரீஸ்டோர் பண்றதுதான் நல்லது, எளிமையா இருக்கறதுல தப்பு குறைவு. மூட முடியாதுன்னா போஸ்ட்கிரெஸ்ல லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை நடக்க நடக்க புது பக்கத்துக்கு அனுப்பறது) இருக்கு, 10ஆம் வெர்ஷன்லேர்ந்து உள்ளேயே வருது. புது ரீஜன்ல டேபிள் அமைப்பை முதல்ல நீங்களே போடணும், அது தானா வராது. ஒவ்வொரு டேபிளுக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் தனியா அடையாளம் காட்டறது) இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அப்டேட்டும் டெலீட்டும் பழைய பக்கத்துலயே எரர்ல நிக்கும்.

இன்னொண்ணை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல இதே மாதிரி ஒரு மாற்றம், ரெப்ளிகேஷன் சரியா ஓடுச்சு, ரெண்டு பக்கமும் ரோ எண்ணிக்கை ஒத்துப்போச்சு, விடியக்காலை சுவிட்ச் பண்ணோம். முதல் ஆர்டர் வந்ததும் டூப்ளிகேட் கீ எரர், ரெண்டாவது ஆர்டருக்கும் அதே. டேட்டா வந்துச்சு, ஆனா அடுத்த நம்பர் என்னன்னு எண்ணிட்டு இருக்கற சீக்வென்ஸ் வரவே இல்லை, புது பக்கம் 1லேர்ந்து எண்ண ஆரம்பிச்சிருக்கு. அந்த இருபது நிமிஷத்துல வந்த ஆர்டர் ஒண்ணும் பதிவாகலை, அவங்களுக்கெல்லாம் மறுநாள் நாங்களே போன் பண்ணி மன்னிப்பு கேட்டோம். எல்லா சீக்வென்ஸையும் பழைய பக்கத்து நம்பருக்கு மேல ஆயிரம் கூட்டி வைக்கிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சுக்கோங்க, சுவிட்ச் பண்றதுக்கு முன்னாடி கடைசி வேலையா அதை ஓட்டுங்க.

டிஎன்எஸ் டிடிஎல்லை (முகவரியை எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கலாம்ங்கறது) ரெண்டு நாள் முன்னாடியே 60 செகண்டுக்குக் குறைச்சிடுங்க. சர்வரும் டேட்டாபேஸும் ஒரே நேரத்துல நகரணும், ஒண்ணு முன்னாடி போனா நடுவுல இருக்கற நேரம் பூரா 200 மில்லி செகண்ட் தண்டனைதான். சுவிட்ச் பண்ற நிமிஷத்துல பழைய பக்கத்தை ரீட் ஒன்லியாக்குங்க, மறந்துபோன ஏதாவது ஒரு க்ரான் ஜாப் (நேரம் வச்சு தானா ஓடற வேலை) அங்க எழுதிட்டே இருந்தா அப்புறம் ரெண்டு உண்மை ஆயிடும், அதைச் சேர்க்கறது கொடுமை. பழைய டேட்டாபேஸை ரெண்டு வாரம் அப்படியே வச்சிருங்க, அந்த வாடகையைப் பார்க்காதீங்க. ஒத்திகை ஒண்ணு டெஸ்ட் டேட்டாவோட பார்த்துட்டு எந்த இடத்துல இடிக்குதுன்னு எழுதி அனுப்புங்க, நிஜமா நகர்த்தறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி சேர்ந்து பார்த்துடலாம்.